டோக்கியோவின் பழந்தோட்டங்கள்: போகுமுன் கேட்கும் கேள்விகள்

டோக்கியோவுக்கு வரும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எந்தத் தோட்டங்களைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

டோக்கியோ மாநகர அரசு பராமரிக்கும் ஒன்பது பழைய தோட்டங்கள் உண்டு. கோயிஷிகவா கோராகுஎன், ரிகுகிஎன், ஹமாரிக்யூ, க்யூ ஷிபாரிக்யூ, கியோசுமி, முகோஜிமா ஹ்யாக்காஎன், க்யூ ஃபுருகவா, க்யூ இவாசாகி மாளிகை, நகரின் மேற்கே கொகுபுஞ்சியில் இருக்கும் தொனொகயாதோ. இவற்றில் முதல் ஆறைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். ஷின்ஜுகு க்யோஎன் பெரிய பூங்கா, அழகானது. ஆனால் அதன் புல்வெளிகளுக்கும் நான் சொல்லும் தோட்டங்களுக்கும் குணம் வேறு.

பூக்காத மாதத்தில் போனால் பார்க்க என்ன இருக்கும்?

எல்லாமே இருக்கும். தோட்டம் என்றதும் நம் மனத்தில் பூச்செடிதான் வருகிறது. இந்தத் தோட்டங்களில் பூ என்பது விருந்தாளி. வீட்டுக்காரர்கள் நீர், கல், குன்று, பாதை ஆகியவைதான்.

நடுவே ஒரு குளம், அதைச் சுற்றி வளைந்து செல்லும் ஒரு பாதை. குளம் தோண்டிய மண்ணைக் குவித்து எழுப்பிய குன்றுகள். பாதை உங்களை ஒரு குன்றின் பின்னால் கொண்டுபோய்க் குளத்தை மறைக்கும். பத்தடி கடந்ததும் ஒரு பைன் மரக் கிளையின் கீழே மீண்டும் காட்டும். அதே குளம்தான், ஆனால் இப்போது அதில் ஒரு தீவும் ஒரு பாலமும் தெரிகின்றன. நின்ற இடத்திலிருந்து முழுத் தோட்டமும் கண்ணில் படக்கூடாது என்பதில் இதை அமைத்தவர்கள் பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள். ஆகவே வாயிலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் தோட்டத்தைப் பார்க்கவே இல்லை. கால்தான் இங்கே கண்.

நெருக்கடியான நகரத்தின் நடுவே இவ்வளவு நிலம் எப்படிக் கிடைத்தது?

டோக்கியோவின் பழைய பெயர் எடோ. தொகுகவா குடும்பத்து ஷோகுன்கள், அதாவது படைத்தலைவர்களாக இருந்த ஆட்சியாளர்கள், அங்கிருந்து நாட்டை ஆண்டார்கள். நாடெங்கும் இருந்த டைம்யோக்கள், அதாவது குறுநில மன்னர்கள், முறைவைத்து எடோவில் வந்து தங்க வேண்டும் என்ற விதியை 1635இல் ஷோகுன் அரசு சட்டமாக்கியது. மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும். சொல்லப்போனால் பிணைக்கைதிகள்தான். அதனால் ஒவ்வொரு டைம்யோவுக்கும் எடோவில் ஒன்றுக்கு மேற்பட்ட மாளிகைகள் தேவைப்பட்டன. 1657இல் நகரையே பொசுக்கிய பெருந்தீக்குப் பிறகு ஊருக்குச் சற்று வெளியே இன்னொரு இடமும் வேண்டும் என்று பலர் நினைத்தார்கள்.

மாளிகை இருந்தால் தோட்டம் வேண்டும். ஷோகுனே விருந்துக்கு வரக்கூடும். பக்கத்து மன்னரின் தோட்டத்தைவிடத் தம்முடையது குறைந்துவிடக்கூடாது. இப்படித்தான் எடோ தோட்டங்களின் நகரமாயிற்று. 1868க்குப் பிறகு டைம்யோக்களின் காலம் முடிந்தது. மாளிகை நிலங்கள் படைமுகாம்களாகவும் அலுவலகங்களாகவும் பல்கலைக்கழகங்களாகவும் மாறின. இன்று நாம் டிக்கெட் வாங்கி நுழைவது மிஞ்சிய சிலவற்றுக்குள்.

கியோட்டோவில் உள்ளதைப் போல, வெள்ளைச் சரளையைக் கோடு கோடாக வாரிய தோட்டம் இங்கே உண்டா?

இந்த ஒன்பதில் அதைத் தேட வேண்டாம். அது துறவி மடத்தின் தோட்டம். தாழ்வாரத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கானது. எடோவின் தோட்டம் அரசியல் செய்தவர்களுடையது. விருந்தாளியுடன் பேசிக்கொண்டே நடப்பதற்கானது. இரண்டையும் ஒப்பிட்டு எது உயர்ந்தது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் நாட்டமில்லை.

ஒரே ஒரு தோட்டத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. எதற்குப் போகலாம்?

கோயிஷிகவா கோராகுஎன். தயங்காமல் சொல்வேன்.

தொகுகவா குடும்பத்தின் மிதோ கிளையைச் சேர்ந்த யோரிஃபுசா 1629இல் தொடங்கியது. அவர் மகன் மித்சுகுனி முடித்தார். மிங் பேரரசு வீழ்ந்தபின் சீனாவிலிருந்து வந்து ஜப்பானில் தங்கிவிட்ட அறிஞர் ஜூ ஷுன்ஷுயியின் யோசனைகளை மித்சுகுனி கேட்டு நடந்தார். தோட்டத்தின் பெயரையே ஷுன்ஷுயிதான் தேர்ந்தார் என்பார்கள். பதினோராம் நூற்றாண்டுச் சீன அமைச்சர் ஃபான் ஷொங்யான் எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்து அது வருகிறது. ஆள்பவன் உலகம் கவலைப்படும் முன் தான் கவலைப்பட வேண்டும், உலகம் மகிழ்ந்த பின்பே தான் மகிழ வேண்டும் என்பது அதன் சாரம். கோராகு என்றால் ‘பின்னர் மகிழ்தல்’. ஓர் ஆட்சியாளர் தம் இன்பத் தோட்டத்துக்கே இந்தப் பெயரைச் சூட்டியதை நினைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கிழக்கு வாயில் திறந்திருந்தால் அந்தப் பக்கமாக நுழையுங்கள். அங்கிருந்து தொடங்கினால் முதலில் மரமடர்ந்த இருண்ட பாதை; மலைநாட்டுக் கிசோ வழியை நினைவூட்ட அமைத்தது. அது முடியும் இடத்தில் பெரிய குளம் திடீரென விரியும். அந்தக் குளத்தில் பீவா ஏரியைக் காட்ட நினைத்தார்கள். அங்கிருந்து சுற்றினால் சீனாவின் மேற்கு ஏரிக் கரை ஒரு குட்டி வரப்பாக வரும், கியோட்டோவின் ஓய் ஆறு ஒரு கூழாங்கல் ஓடையாக வரும். எடோவை விட்டு நகர முடியாதவர்கள் நாட்டையே சுருக்கித் தம் வளவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

‘முழுநிலாப் பாலம்’ என்ற பொருளில் எங்கெத்சுக்யோ என்று ஒரு கல்பாலம் இருக்கிறது. அரைவட்டமாக வளைந்த கல்லும் அது நீரில் விழுந்த நிழலும் சேர்ந்து முழு நிலா ஆகின்றன. காற்றடித்தால் நிலா உடையும். காற்று ஓயும்வரை காத்திருங்கள்.

அதற்குப் பக்கத்தில் ஒரு நெல்வயல். ஆம், தலைநகரின் நடுவே, மன்னரின் தோட்டத்தில். உழவர்கள் படும் பாட்டைத் தம் மருமகளுக்குக் காட்டுவதற்காக மித்சுகுனி அமைத்தது. இன்றும் அக்கம்பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் மே மாதம் நாற்று நட்டு இலையுதிர் காலத்தில் அறுக்கிறார்கள். என் அம்மா வந்திருந்தபோது பாலத்தைவிட இந்த வயலருகேதான் அதிக நேரம் நின்றார். நாற்றுகளுக்கு இடையே விட்டிருந்த இடைவெளியைக் கண்ணால் அளந்துவிட்டு, “நல்லாத்தான் நட்டிருக்காங்க” என்றார். 

ஹமாரிக்யூவில் கடல்நீர் வருகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. டோக்கியோவில் இன்றும் கடல் ஓதம் ஏறி இறங்கும் பழந்தோட்டக் குளம் இது ஒன்றுதான். விரிகுடாவுடன் மதகு வழியாக இணைந்திருக்கிறது. கடல் ஏறும்போது மதகைத் திறந்தால் நீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியேறும். காலையில் நீருக்குள் இருந்த கரைக்கல் மாலையில் ஈரக்கோட்டுடன் வெளியே நிற்கும். குளத்தில் மடவை, உளுவை, விலாங்கு எல்லாம் வாழ்கின்றன. மற்றத் தோட்டங்களின் கெண்டை மீன்களை மட்டும் பார்த்துவிட்டு இங்கே வருபவர், ஒரு மடவை நீரைவிட்டுத் துள்ளும்போது திடுக்கிட்டு நிற்பார்.

ஷோகுன்கள் பருந்துகளைக் கொண்டு வேட்டையாடிய கரையோரத்தை 1654இல் நான்காம் ஷோகுனின் தம்பி தூர்த்து மாளிகை கட்டினார். அவர் மகனே பின்னர் ஆறாம் ஷோகுன் ஆனதால் இடம் ஷோகுன் குடும்பத்துக்கே வந்தது. அந்த ஆறாம் ஷோகுன் இயெநோபு 1709இல் தோட்டத்தைத் திருத்தியபோது நட்ட பைன் மரம் நுழைவாயிலுக்கு அருகே தரையோடு தரையாகப் படர்ந்து நிற்கிறது. அதன் கிளைகளைத் தாங்கும் முட்டுக்கட்டைகளை எண்ணிப் பாருங்கள். முந்நூறு ஆண்டுகளாக யாரோ ஒருவர் அந்த மரத்தைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அப்போது உறைக்கும்.

இங்கே ஒரு யானை வாழ்ந்தது. எட்டாம் ஷோகுன் யோஷிமுனே ஆசைப்பட்டதால் 1728இல் வியட்நாமிலிருந்து இரண்டு யானைகள் கப்பலில் நாகசாகிக்கு வந்தன. பெண் யானை அங்கேயே இறந்தது. ஆண் யானை அடுத்த ஆண்டு எடோ வரை நடந்தே வந்தது. பிறகு பல ஆண்டுகள் இந்தக் கடலோரத் தோட்டத்தில் தனியாக இருந்தது. துணையை இழந்த அந்த யானையை நினைக்காமல் என்னால் இங்கே நடக்க முடிவதில்லை.

வாத்து வேட்டைக்கான இடங்களையும் தவறவிடாதீர்கள். 1778இலும் 1791இலும் அமைத்தவை. பழக்கி வைத்துத் தன் இனத்தைக் கவரப் பயன்படும் விலங்கைத் தமிழ் வேடர்கள் ‘பார்வை’ என்பார்கள். இங்கே பழக்கிய வாத்துகள்தான் பார்வை. மரப்பலகையைத் தட்டும் ஓசை கேட்டால் தீனி கிடைக்கும் என்று அறிந்த அவை குறுகிய வாய்க்காலுக்குள் நீந்தி வரும். காட்டு வாத்துகள் பின்தொடரும். மண்மேட்டுக்குப் பின்னிருந்து சிறு துளை வழியே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வலை வீசுவார்கள். அந்தத் துளையும் மேடும் அப்படியே இருக்கின்றன. கொன்ற வாத்துகளின் ஆவி அமைதியடைய 1935இல் எழுப்பிய ஒரு நினைவு மேடும் அருகில் உண்டு.

ரிகுகிஎன் கவிதைத் தோட்டமாமே. ஜப்பானியக் கவிதை தெரியாதவர்களுக்கு அதில் என்ன?

தெரிந்தால் இன்பம் கூடும், தெரியாவிட்டாலும் குறைவில்லை. ஐந்தாம் ஷோகுனின் நெருக்கமான அமைச்சர் யனகிசவா யோஷியாசு ஏழாண்டு உழைத்து 1702இல் முடித்தது. பெயரே கவிதையின் ஆறு வகைகளைக் குறிக்கிறது. பழங்கவிதைகளில் வரும் 88 இடங்களைத் தேர்ந்து அவற்றுக்குத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்த சிறு கல்தூண் நட்டார். அவற்றில் சில இன்னும் இருக்கின்றன. பாடலில் மட்டும் கேட்ட ஊருக்கு நடந்தே போய்ச் சேரலாம் என்பதுதான் இதன் எண்ணம். குறிஞ்சி என்றதும் மலையும் நெய்தல் என்றதும் கடலும் நம் மனத்தில் எழுகின்றன அல்லவா? ஓர் இடத்தின் பெயரே ஒரு பாட்டின் உணர்வைக் கொண்டுவந்துவிடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தமிழ் படித்தவருக்கு இந்தத் தோட்டம் சீக்கிரம் வசப்படும்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 35 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபுஜிஷிரோ குன்றின் மேல் ஏறினால் முழுக் குளமும் காலடியில் விரியும். முழுத் தோட்டமும் ஒரே இடத்திலிருந்து தெரியக்கூடாது என்ற விதிக்கு இது ஒரு விலக்கு. அந்தக் காட்சியை ஏறிச் சம்பாதிக்க வேண்டும்.

கியோசுமியும் ஹ்யாக்காஎன்னும் சிறியவைதானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இன்றைய வடிவில் இரண்டும் மன்னர்கள் தந்தவையல்ல என்பதே அவற்றின் சுவை.

கியோசுமியை மித்சுபிஷியை நிறுவிய இவாசாகி யத்தாரோ 1878இல் வாங்கினார். தம் நிறுவன ஊழியர்கள் இளைப்பாறவும் விருந்தினரை வரவேற்கவும் 1880இல் திறந்தார். கப்பல் தொழில் கையில் இருந்ததால் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து பெருங்கற்கள் கப்பலேறி வந்தன. இயோவின் நீலநிறக் கல், சாதோ தீவின் செங்கல் நிறப் பாறை என்று ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர்ப் பலகை உண்டு. குளத்தின் விளிம்பில் நீருக்குள் போட்ட மிதிகற்களின் மேல் நடந்தே கரையைச் சுற்றலாம். ஆமைகள் பக்கத்துக் கல்லில் வெயில் காயும்.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி நிலநடுக்கத்திலும் தீயிலும் இந்தப் பகுதி அழிந்தபோது இந்தத் தோட்டத்துக்குள் ஓடி வந்தவர்கள் பலர் உயிர் தப்பினார்கள். நீரும் மரமும் அவர்களைக் காத்தன. அடுத்த ஆண்டு, சேதம் குறைந்த கிழக்குப் பாதியை உரிமையாளர்கள் நகரத்துக்குக் கொடுத்தார்கள். அழகு பார்ப்பதற்குத்தானே தோட்டம் என்று நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஹ்யாக்காஎன்னை 1804ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பழம்பொருள் வியாபாரி தம் எழுத்தாள, ஓவிய நண்பர்களின் துணையுடன் உண்டாக்கினார். முதலில் 360 பிளம் மரங்கள். பிறகு பழம்பாடல்களில் வரும் செடி கொடிகள். இங்கே பெரிய குன்றோ பெருமையான பாலமோ கிடையாது. புல்லும் பூவும்தான் ஆட்சி. செப்டம்பர் கடைசியில் ஹகி செடி வளைந்து மூடிய சுமார் 30 மீட்டர்ச் சுரங்கப்பாதை ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். ஆகஸ்ட் இறுதியில் பூச்சிகளின் பாட்டைக் கேட்கவென்றே மாலைக் கூட்டம் நடக்கும். மணியொலிப்பது போலச் சிலம்பும் சுவர்க்கோழிகளின் ஒலியை, விளக்கடியில் ஊரே அமைதியாக நின்று கேட்பதை வேறெங்கே பார்ப்பீர்கள்?

எந்த மாதம் நல்லது?

செர்ரிக்கு மார்ச் கடைசி. ரிகுகிஎன்னின் தொங்கு கிளைச் செர்ரி அப்போது அருவி போல இருக்கும், கூட்டமும் அப்படித்தான். ஜூனில் கோயிஷிகவாவின் ஐரிஸ். நவம்பர் கடைசி முதல் டிசம்பர் முதல் வாரம்வரை மேப்பிள் சிவப்பு. ஜூலை, ஆகஸ்டில் வெக்கையும் புழுக்கமும் சென்னையை மறக்கவைக்கும். காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி. இலையுதிர்ந்த பிறகு தோட்டத்தின் எலும்பு தெரியும். பனியின் கனம் கிளையை ஒடிக்காதிருக்க, பைன் மரத்தின் நடுவே கம்பம் நட்டு உச்சியிலிருந்து குடை போலக் கயிறு கட்டியிருப்பார்கள். பிளம் பூக்கத் தொடங்கும். ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

நேரமும் கட்டணமும்?

காலை 9 முதல் மாலை 5 வரை. 4:30க்குப் பிறகு உள்ளே விட மாட்டார்கள். டிசம்பர் 29 முதல் ஜனவரி 1 வரை பொதுவாக விடுமுறை. கோயிஷிகவா, ரிகுகிஎன், ஹமாரிக்யூ மூன்றுக்கும் 300 யென். கியோசுமி, ஷிபாரிக்யூ, ஹ்யாக்காஎன் 150 யென். 65 வயது நிறைந்தோருக்கு ஏறத்தாழப் பாதி. வயதைக் காட்ட பாஸ்போர்ட் வைத்திருங்கள். தொடக்கப்பள்ளி வயதுவரை பிள்ளைகளுக்கு இலவசம். மே 4, அக்டோபர் 1 இரண்டு நாளும் எல்லோருக்கும் இலவசம்.

எப்படிப் போவது?

கோயிஷிகவாவுக்கு ஈதபாஷி ரயில் நிலையம், அதன் கிழக்கு வாயிலுக்கு சுய்தோபாஷி. ரிகுகிஎன்னுக்கு கொமகொமே. கியோசுமிக்கு கியோசுமி ஷிரகவா. ஹமாரிக்யூவுக்கு ஷியோதோமே. ஷிபாரிக்யூ ஹமமத்சுசோ நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது. ஹனெதா விமான நிலையத்துக்கு மோனோரயில் பிடிக்கும் முன் ஒரு மணி நேரம் மிஞ்சினால் அங்கே போகலாம்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

ஹமாரிக்யூவுக்கு நிச்சயம் போகலாம். பெரிது, ஆனால் சமதளம். கியோசுமியும் எளிது, மிதிகற்களைத் தவிர்த்துவிட்டுச் சுற்றுப்பாதையில் போனால் போதும். கோயிஷிகவாவில் கற்பாதை மேடு பள்ளமானது. முழங்கால் வலி உள்ளவர்களைக் குன்றுப்பாதையில் அழைத்துப் போகாமல் குளக்கரையோடு கூட்டிச் செல்லுங்கள். எங்கும் சரளை உண்டு, ஆகவே நல்ல காலணி முக்கியம்.

உள்ளே சாப்பிட என்ன கிடைக்கும்? சைவர்களுக்கு?

ஹமாரிக்யூவில் குளத்தின் நடுவே நாகாஜிமா தேநீர் மண்டபம் நிற்கிறது. மரப்பாலத்தில் நடந்து போய்ப் பாயில் உட்கார்ந்தால் மாட்சா தேநீரும் ஓர் இனிப்பும் தருவார்கள். அந்த இனிப்பு பெரும்பாலும் பயற்று விழுதும் சர்க்கரையும் அரிசிமாவும்தான். முட்டையோ ஜெலட்டினோ உண்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உணவாக எதையேனும் வாங்கினால் கவனம்: காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் மீன் சாறு இருக்கும். நான் பழமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போய் வாயிலுக்கு வெளியே சாப்பிட்டுவிட்டு உள்ளே தேநீர் மட்டும் குடிப்பேன்.

ஒரு நாளில் எத்தனை பார்க்கலாம்?

இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று நடங்கள்: ஒரு முறை இடமாக, ஒரு முறை வலமாக. எதிர்த்திசையில் நடக்கும்போது அதே தோட்டம் வேறொன்றாகிவிடும். கேமரா இரண்டாம் சுற்றில் வெளியே வரட்டும். முக்காலியை வாயிலிலேயே தடுத்துவிடக்கூடும்.

சுற்றிலும் நிற்கும் உயர்ந்த கட்டடங்கள் காட்சியைக் கெடுத்துவிடாதா?

இடத்துக்கு இடம் வேறுபடும். கோயிஷிகவாவின் மரங்களுக்கு மேலே பேஸ்பால் அரங்கமான டோக்கியோ டோமின் வெள்ளைக் கூரை எழுந்து நிற்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. ரிகுகிஎன் குன்றிலிருந்து ஒரு காலத்தில் ஃபுஜி மலை தெரிந்தது. தொலைவில் உள்ள மலையையும் தோட்டத்தின் பகுதியாகச் சேர்த்துக்கொள்ளும் கலையில் தேர்ந்தவர்கள் அமைத்த குன்று அது. அந்த மலையை நகரம் எடுத்துக்கொண்டுவிட்டது, திருப்பித் தராது.

ஹமாரிக்யூவில் மட்டும் வேறு மாதிரி உணர்கிறேன். ஷியோதோமேயின் கண்ணாடிக் கோபுரங்கள் குளத்தில் தலைகீழாக விழுகின்றன. ஓதம் ஏறும்போது அவையும் அசைகின்றன. அங்கே குளம் கோபுரங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது.

மழை பெய்தால் திட்டத்தை மாற்றிக்கொள்வதா?

மாற்ற வேண்டாம், கியோசுமிக்குப் போங்கள். காய்ந்த நாளில் சாம்பல் பூத்துக் கிடக்கும் கற்கள் மழையில் தத்தம் நிறத்துக்குத் திரும்பும். நீலக்கல் நீலமாகும், செங்கல் நிறப் பாறை சிவக்கும். கப்பலேற்றி வந்தவர்கள் கண்ட நிறம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மிதிகற்கள் வழுக்கும், குடையைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு அவற்றின் மேல் போகாதீர்கள். குளத்தின் எதிர்க்கரையில் ஒரு தாழ்ந்த கூரையின் கீழே பெஞ்சு இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் மழை நிற்கும்வரை பொழுது போதாது.